குழப்படி செய்யும் சின்னக் கைகள்

பெற்றோர் பக்கம்: 3 முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகள்

நோர்வேயில் வாழும் எமது இளம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று: "பிள்ளை ஒரே குழப்படி. ஒரு நிமிடம் கண்ணை எடுத்தால் வீடு தலைகீழ்." சுவரிலே கிறுக்கல், குளியலறையிலே வெள்ளம், குசினியிலே மா. இக்குழப்படியை எப்படி விளங்கிக்கொள்வது, எப்படி நெறிப்படுத்துவது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

1. எமது இலக்கியம் கண்ட குழந்தை

திருவள்ளுவர் மக்கட்பேறு என்ற அதிகாரத்திலே, தம் பிள்ளை கையை விட்டுக் குழப்பிய கூழ் பெற்றோருக்கு அமிழ்தத்தை விட இனியது என்கிறார். புறநானூற்றின் 188 ஆம் பாடலைப் பாடிய பாண்டியன் அறிவுடை நம்பி ஓர் அரசன். எவ்வளவு செல்வம் இருந்தாலும், நெய்ச்சோற்றைத் தொட்டும் துழாவியும் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வு பயனற்றது என்பது அவன் கருத்து.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களையும் எண்ணிப் பாருங்கள். சிற்றில் பருவத்தில் பிள்ளை, சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் அழிக்கிறது. சிறுபறைப் பருவத்தில் பறை கொட்டி முழக்குகிறது. சிறுதேர்ப் பருவத்தில் தேர் உருட்டித் திரிகிறது. உடைத்தல், சத்தமிடுதல், இழுத்துத் திரிதல்! இவற்றையெல்லாம் குற்றமாக எழுதாமல் வளர்ச்சியின் படிகளாக வைத்து, திருச்செந்தூர் முருகனையே அப்படிப்பட்ட பிள்ளையாகக் கண்டு பாடினார் பகழிக்கூத்தர்.

2. பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது?

இவ்வயதுப் பிள்ளை கையால்தான் சிந்திக்கிறது. சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே (1896–1980) செய்து காட்டிய சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். அகன்ற கோப்பையில் உள்ள தண்ணீரை, பிள்ளையின் கண்முன்னேயே ஒடுங்கிய உயரமான கிளாசில் ஊற்றுங்கள். "இப்போது தண்ணீர் கூடிவிட்டது" என்றே நான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் சொல்லும். வாயால் எத்தனை முறை விளக்கினாலும் அதற்கு விளங்காது. திரும்பத் திரும்ப ஊற்றி, சிந்தி, நிரப்பிப் பார்த்து வளரும்போதுதான் அளவு பற்றிய அறிவு வரும். நாம் வெள்ளம் என்று சொல்வது பிள்ளைக்குப் பாடம்.

3. ஓர் உதாரணம்

தைப்பொங்கலன்று அம்மா கோலம் போடுவதை நான்கு வயது மகள் பார்க்கிறாள். மறுநாள் மாலை அம்மா தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். மகள் அரிசிமாப் பேணியை எடுத்து வரவேற்பறை முழுவதும் கொட்டி வைக்கிறாள். சோபாவிலும் மா, தலையிலும் மா.

தாய் மூன்று விதமாக நடக்கலாம்.

(அ) ஏசி, கையில் ஒன்று போடலாம். பிள்ளை அழும். கோலம் என்றால் அடி என்று படித்துக்கொள்ளும்.

(ஆ) "பிள்ளைதானே" என்று பேசாமல் துடைத்துவிடலாம். அடுத்த முறை சீனிப் பேணி கவிழும்.

(இ) "நீயும் கோலம் போட்டாயா? அம்மாவைக் கேட்காமல் மா எடுக்கக்கூடாது. வா, இரண்டு பேரும் கூட்டி அள்ளுவோம். சனிக்கிழமை குசினி நிலத்தில் உனக்கும் ஓர் இடம் தருகிறேன்" என்று சொல்லலாம்.

மூன்றாவது வழியில் பிள்ளையின் ஆசையும் மதிக்கப்படுகிறது, எல்லையும் சொல்லப்படுகிறது, வீடும் துப்புரவாகிறது. ஆனால் ஒன்று. சனிக்கிழமை என்று சொன்னால் சனிக்கிழமை கொடுக்கவே வேண்டும்.

4. தமிழ் ஏச்சு மொழியாகலாமா?

இது எம்மவர் விசேடமாகக் கவனிக்க வேண்டியது. பிள்ளை பகல் முழுவதும் பார்னஹாகேயில் நோர்வேஜிய மொழியில் விளையாடுகிறது. பாட்டும் கதையும் மண் விளையாட்டும் அந்த மொழியில். வேலை முடிந்து களைத்து வரும் எங்களுக்குப் பிள்ளையோடு கிடைப்பது மாலையில் இரண்டு மூன்று மணித்தியாலம். அந்த நேரம் முழுவதும் "தொடாதே, கொட்டாதே, பேசாமல் இரு" என்றே கழிந்தால், பிள்ளையின் மனதில் மகிழ்ச்சிக்கு ஒரு மொழி, ஏச்சுக்கு ஒரு மொழி என்று பதிந்துவிடும். பின்னர் பத்து வயதில் ஞாயிறு வகுப்பில் கொண்டுவந்து விட்டாலும் தமிழில் விருப்பம் வருவது கடினம்.

அதே குழப்படி நல்ல தமிழ்ப் பாடமாகவும் அமையலாம். ஊற்று, கொட்டு, சிந்து, தெளி, கலக்கு, பிசை, குழை, உருட்டு, பிழி, துடை. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு செயல். ஊற்றுவது வேண்டுமென்றே செய்வது. சிந்துவது தவறுதலாக நடப்பது. கையிலே மா ஒட்டியிருக்கும்போது கேட்ட சொல்லைப் பிள்ளை எளிதில் மறக்காது.

5. வீட்டிலே செய்யக்கூடியவை

இடம்: இந்நாட்டுக் குளியலறை நிலத்தில் தண்ணீர் வடிந்தோடத் துவாரம் உண்டு. தண்ணீர் விளையாட்டுக்கு அதுவே நல்ல இடம். ஒரு வாளி, இரண்டு கோப்பை, ஒரு புனல் போதும். தண்ணீர் இருக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பொருள்: 2 கோப்பை கோதுமை மா, 1 கோப்பை உப்பு, 1 கோப்பை தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் உருவங்கள் செய்ய நல்ல களி கிடைக்கும். நோர்வேஜியர் இதைத் துரோல்டைக் என்பர். பீற்றூட் சாறு விட்டால் சிவப்பாகும். உப்பு அதிகம் என்பதால் பிள்ளை இதை உண்ண விடக்கூடாது. மஞ்சள் சேர்த்தால் நிறம் அழகு, ஆனால் வெள்ளைச் சுவரில் பட்டால் கறை போகாது. பழைய படுக்கை விரிப்பொன்றை நிலத்தில் விரித்து விடுங்கள்.

துப்புரவு: பிள்ளைக்கென ஒரு சிறிய துணி கொடுங்கள். துடைப்பதைத் தண்டனையாக அல்ல, விளையாட்டின் கடைசிப் பகுதியாகப் பழக்குங்கள்.

விருந்தினர் முன்: வந்தவர்கள் முன்னால் பிள்ளையின் குழப்படிகளைப் பட்டியலிட வேண்டாம். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

6. விட்டுக்கொடுக்கக் கூடாத எல்லைகள்

அடுப்பு, மருந்து, துப்புரவுப் பொருட்கள் ஆகிய மூன்றிலும் விளையாட்டு இல்லை. உடுப்புத் தோய்க்கும் கப்சியூல்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வில்லைகள், அம்மம்மாவின் மாத்திரைகள் எல்லாம் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும்.

பலர் மறப்பது சாமி அறை. கற்பூரக் கட்டி பிள்ளையின் கண்ணுக்குக் கற்கண்டு போலத் தெரியும். அதில் சிறிதளவு விழுங்கினாலும் சிறு பிள்ளைக்கு வலிப்பு வரக்கூடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், நோர்வேயின் நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு உடனே பேசுங்கள்: 22 59 13 00. பிள்ளைக்கு வலிப்போ மயக்கமோ இருந்தால் 113.

மற்றொரு எல்லை எங்களுக்கானது. நோர்வேயில் பிள்ளைகளை அடிப்பது 1987 இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. வளர்ப்பதற்காகத்தானே அடித்தேன் என்பது காரணமாகாது என்பதை 2010 ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. பிள்ளையை வெருட்டுவதும் அதன்படி குற்றமே. சட்டத்துக்குப் பயந்து கையை அடக்குவது ஒன்று. பிள்ளையின் பயத்தைக் கண்டு தானாகக் கை அடங்குவது இன்னொன்று. இரண்டாவதே நிலைக்கும். கோபம் மிஞ்சினால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் இருத்திவிட்டு, அடுத்த அறைக்குச் சென்று ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

7. கலந்துரையாட

• நேற்று மாலை உங்கள் பிள்ளையிடம் தமிழில் சொன்ன பத்து வசனங்களை நினைவுபடுத்துங்கள். அவற்றில் எத்தனை ஏச்சு, எத்தனை பேச்சு?

• உங்கள் வீட்டில் பிள்ளை தாராளமாகக் கொட்டிக் கலக்க ஓர் இடம் உண்டா?

• தாயும் தந்தையும் ஒரே எல்லையைச் சொல்கிறீர்களா? வந்து தங்கும் அம்மம்மா, அப்பப்பாவுக்கும் அது தெரியுமா?

• இவ்வாரம் ஒரு நாள், அரை மணித்தியாலம், பிள்ளையோடு நீங்களும் நிலத்தில் இருந்து மா பிசையுங்கள். அப்போது பிள்ளை சொன்ன புதிய தமிழ்ச் சொற்களை எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.