யானைகள் வரிசையில் வருவதில்லை

மாங்குளம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீர் வட்ஸ்அப்பில் அனுப்பிய ஆட்டத்தை மூன்று இரவு விளையாடிப் பார்த்தேன். வயலுக்குள் யானை இறங்குகிறது, காவல் கொட்டிலில் இருக்கிற ஆள் யானைவெடி எறிந்து கலைக்கிறார். படம் முழுக்கப் பழைய பெட்டி ஆட்டம் மாதிரிச் சதுரம் சதுரமாக இருக்கிறது, சத்தமும் அப்படியே. கீழே, "உங்கட காலத்து ஆர்கேட் கேம் மாதிரியே செய்திருக்கிறன் அண்ணை, எப்பிடி?" என்று கேட்டிருந்தீர். பதிலைக் கடிதமாக எழுதிப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் உம்மைப் போலக் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து ஆட்டம் செய்கிற பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் உதவினால் உதவட்டும்.

முதலில் ஒரு திருத்தம். அது எங்கட காலம் இல்லை.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978இல் ஜப்பானில் வந்தது. பக்மன் 1980. டொங்கி கொங்கும் கலகாவும் 1981. அப்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். காசு போட்டு விளையாடுகிற பெட்டி ஒன்றை மாங்குளம் சந்தியில் நானும் காணவில்லை, என் ஐயாவும் காணவில்லை. 1984இல் பாரிசுக்குப் போன என் பெரியம்மாவின் மகன்தான் எங்கள் குடும்பத்தில் அதை முதலில் தொட்டவர். கோப்பை கழுவிவிட்டு வருகிற வழியில் ஒரு கஃபேயில் கலகா பெட்டி நின்றதாம். "அப்பிடி ஒரு ஆட்டம் இனி வராது" என்பார். அதில் என்ன விசேஷம் என்று ஒருநாள் தோண்டிக் கேட்டேன். கஃபேயின் சூடு, வெளியில் கொட்டிய பனி, தன்னிடம் இருபது பிராங் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத சிநேகிதன் எல்லாம் வந்தது. ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வசனம் வரவில்லை.

பழைய ஆட்டங்கள் மீதான ஏக்கம் முக்கால்வாசி இப்படித்தான். அது பெட்டியைப் பற்றியது இல்லை, பெட்டிக்கு முன்னால் நின்ற வயதைப் பற்றியது. அந்த ஏக்கத்தை நீர் இரவல் வாங்கியிருக்கிறீர். சதுரப் படமும் டிக் டிக் சத்தமும் பெரியம்மாவின் மகனுடைய ஞாபகம். உம்முடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

என்னுடையதைச் சொல்கிறேன். 1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக்கு வந்த குடும்பம் ஒன்று எங்கள் வளவில் கொட்டில் போட்டிருந்தது. அந்த வீட்டுப் பெடியனிடம் ஒரு பிறிக் கேம் இருந்தது. உள்ளங்கை அகலம், '9999 இன் 1' என்று பெட்டியில் எழுதியிருக்கும். உள்ளே இருந்தது என்னவோ ரெற்றிஸ்தான், மற்றதெல்லாம் அதன் தம்பிமார். இரண்டு பற்றரி போட்டால் ஓடும். பற்றரி எங்கே? வன்னிக்குள் கொண்டுவர அரசாங்கம் தடுத்த சாமான்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு எரித்த காலம் அது. சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டோம்.

அந்த டைனமோவிலேயே பிறிக் கேமையும் ஓட்டலாம் என்று எனக்குப் பட்டது. ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் அப்போதுதான் கையாளாகச் சேர்ந்திருந்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். நாலு டயோட், ஒரு கொண்டென்சர் கட்டினேன். வேகமாகச் சுற்றினால் வோல்ட் ஏறி ஆட்டம் செத்துவிடும் என்ற பயத்தில் பக்கத்தில் ஒரு ரோச் பல்பையும் சேர்த்துக் கட்டினேன், மேலதிகத்தை அது தின்னட்டும் என்று. பல்ப் மங்கிச் சிவந்தால் வேகம் காணாது, திரை அழிந்து ஆட்டம் திரும்ப முதலில் இருந்து தொடங்கும். வெள்ளையாக எரிந்தால் பல்ப் போய்விடும், அதற்குப் பதில் பல்பும் கிடையாது. மஞ்சளில் பிடிக்க வேண்டும்.

ஒருவர் விளையாட, ஒருவர் சுற்றுவார். கொஞ்ச நாளில் என்ன நடந்தது தெரியுமா? சுற்றுகிறவரைப் பார்க்கத்தான் ஆள் கூடியது. கட்டைகள் வேகமாக விழத் தொடங்கும் நேரம் பார்த்து சுற்றுகிறவருக்குக் கை சோரும். "மஞ்சள், மஞ்சள்!" என்று சுற்றி நின்ற பெடியள் கத்துவார்கள். நல்ல புள்ளி எடுத்தவனை யாருக்கும் ஞாபகம் இல்லை. மஞ்சளை விடாமல் கால் மணித்தியாலம் பிடித்த பெட்டையை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். நாங்கள் விளையாடிய ஆட்டம் ரெற்றிஸ் இல்லை, பல்ப்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஸ்பேஸ் இன்வேடர்ஸின் கதையும் இதுதான்: குறையே ஆட்டமானது. நிஷிகாடோ என்ற ஜப்பானியர் அதைச் செய்தார், டைட்டோ கம்பனிக்காக. திரையில் 55 எதிரிகள். அவ்வளவையும் நகர்த்த அந்தக் காலத்துக் கொம்பியூட்டர்ச் சில்லுக்குத் திராணி இல்லை, ஊர்ந்துதான் போகும். நீர் ஒவ்வொன்றாகச் சுடச் சுட, சில்லுக்குப் பாரம் குறைந்து மிச்சம் உள்ளவை வேகமாக வரும். அவர் அதைப் பிழை என்று திருத்தவில்லை, அப்படியே விட்டார். வெல்ல வெல்லப் பயம் கூடுகிற ஆட்டம் அப்படித்தான் பிறந்தது. முதலில் மனிதரைச் சுடுகிற மாதிரித்தான் யோசித்தாராம். அது வேண்டாம் என்று மேலிடம் சொன்னதால் வேற்றுக்கிரகத்து ஆட்கள் வந்தார்கள்.

இன்றைக்கும் நிற்குமா? அரைவாசி நிற்கும். முதல் இரண்டு நிமிடம் கொட்டாவி வரும். கடைசி நாலைந்து எதிரி மிஞ்சும்போது இப்போதும் என் பெருவிரல் வியர்க்கிறது.

ரெற்றிஸ் முழுக்க நிற்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்பதுகளின் நடுவில் மொஸ்கோவில் பஜித்னோவ் அதைச் செய்த கொம்பியூட்டருக்குப் படம் காட்டவே தெரியாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டை காட்டினார். படமே இல்லாமல் பிறந்த ஆட்டத்துக்குப் படம் பழசாகிவிட்டது என்ற கவலை எங்கே வரும்?

பக்மனுக்கு வருவோம். இதை விளங்க உமக்குக் கொம்பியூட்டர் தேவையில்லை, கிளித்தட்டு விளையாடியிருந்தால் போதும். தட்டில் ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் மறிப்பார், அவர் தன் கோட்டை விட்டு வரமாட்டார். மறிப்பவர்களில் கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடும். அதனால் நீர் எல்லாரையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. கோட்டில் நிற்கிறவரைக் கணக்குப் பண்ணுவீர், கிளியைக் கண்ணை எடுக்காமல் பார்ப்பீர். ஆட்டத்தின் ருசி அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

நாம்கோவில் இவாத்தானி செய்ததும் அதுதான். நாலு பேய்களுக்கும் நாலு புத்தி. சிவப்புப் பேய் நீர் நிற்கிற இடத்துக்கே துரத்தி வரும். இளஞ்சிவப்பு, உமது முகம் பார்க்கிற பக்கம் நாலு கட்டம் முன்னால் குறிவைத்துப் போய் மறிக்கும். நீலம், சிவப்பு நிற்கிற இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும், அது எங்கே வரும் என்று லேசில் சொல்ல முடியாது. தோடம்பழ நிறத்துப் பேய் தூரத்தில் இருந்து பாய்ந்து வரும், எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் திரும்பித் தன் மூலைக்கு ஓடிவிடும். ஜப்பானில் வைத்த பட்டப்பெயர்களும் அதே கருத்துத்தான்: துரத்துகிறவன், பதுங்கியிருக்கிறவன், மனம்போன போக்கன், தெரியாத மாதிரி நடிக்கிறவன். நாலு பேரும் ஒரே மாதிரித் துரத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் வரிசையாகப் பின்னால் வந்திருப்பார்கள், நாற்பது வருடத்துக்கு மேல் யாரும் விளையாடியிருக்கமாட்டார்கள். மணலில் கோடு கீறி நாலு பெடியளை நிறுத்தி இந்த விதிகளைச் சொல்லிக் கொடுத்தாலும் பக்மன் ஓடும். ஆட்டம் நிற்குமா என்று பார்க்க நான் வைத்திருக்கிற சோதனை அதுதான்.

அந்தச் சோதனையில் அடியோடு விழுவது டிராகன்ஸ் லெயர். 1983இல் வந்தது. டிஸ்னியில் இருந்து வெளியேறிய டொன் புளூத் கையால் வரைந்த படம், லேசர் டிஸ்க்கில் ஓடும். அமெரிக்காவில் மற்றப் பெட்டிக்கு 25 சதம் என்றால் இதற்கு 50, அப்படியும் சனம் முண்டியடித்தது. படத்தை எடுத்துவிட்டால் மிச்சம், எந்த நேரம் எந்தப் பக்கம் தள்ளுவது என்ற மனப்பாடம் மட்டும்தான். மணலில் கீற ஒன்றும் இல்லை.

ஆர்கேட் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. யுத்தம் ஓய்ந்து மீளக் குடியேறிய பிறகு என் கடையில் ஒரு பழைய கொம்பியூட்டர் வைத்திருந்தேன். அதில் மைன்ஸ்வீப்பர் இருந்தது. ஏ9 ஓரமாக அப்போது மிதிவெடி அகற்றுகிற வேலை நடந்தது. அந்த வேலைக்குப் போய்வந்த ஒரு தங்கச்சி போன் திருத்தக் கொண்டுவந்தவர், காத்திருந்த நேரத்தில் அதை விளையாடினார். கெட்டிக்காரத்தனமாகத்தான் போனார். கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சியது, எதில் வெடி என்று எந்த இலக்கமும் சொல்லவில்லை. மவுசை வைத்துவிட்டுச் சொன்னார்: "இது பிழை அண்ணை. நாங்கள் ஊகிக்கிறேல்ல." இவ்வளவு காலத்தில் அந்த ஆட்டத்துக்கு நான் கேட்ட ஆகச் சரியான விமர்சனம் அதுதான். யோசித்து விளையாடுகிறவரைக் கடைசியில் சீட்டுக் குலுக்க வைக்கக்கூடாது.

ஆர்கேட்டுக்குத் திரும்பினால், இன்னொன்று மிசைல் கொமாண்ட். அட்டாரியில் டேவ் தியூரர் 1980இல் செய்தது. கீழே ஆறு நகரங்கள், மேலிருந்து மெல்லிய கோடுகளாக ஏவுகணை இறங்கும். மூன்று தளங்களில் இருந்து நீர் மறித்து அடிக்க வேண்டும். குண்டு எண்ணி வைத்ததுதான், எல்லா நகரத்தையும் காப்பாற்ற முடியாது, எதை விடுவது என்று நீர்தான் முடிவெடுக்க வேண்டும். வெல்ல வழியே இல்லை. செய்தவருக்கே இரவில் கெட்ட கனவு வந்ததாம். யாரோ விட்டுப்போன பழைய ஆட்டங்களின் டிஸ்க் ஒன்றில் இதைப் போட்டேன். மூன்றாவது சுற்றில், கோடு இறங்கி அடியில் வெளிச்சம் விரிந்த இடத்தில், கை நின்றுவிட்டது. கொம்பியூட்டரை நிறுத்திக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பிறகு தொடவில்லை. பழைய ஆட்டங்களில் இன்றைக்கும் துளி பிசகாமல் நிற்பது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். என்னால் விளையாட முடியாது.

அதில் ஒரு மனிதரின் படம்கூட இல்லை என்பதைக் கவனியும். எங்கட யுத்தக் கதையை எப்போதாவது ஆட்டமாகச் செய்ய உமக்கு மனம் வரலாம். செய்யவேண்டாம் என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஆளின் படமே இல்லாமல் அதைச் சொல்கிற ஒரு விதி கையில் கிடைக்கும்வரை தொடவேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

இனி உம்முடைய யானைகள். ஆறு யானையும் வரிசையாக மேலிருந்து இறங்குகின்றன. எந்த யானை, பிள்ளை, வரிசையில் வந்தது? அது ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்குத் தும்பிக்கை ஒட்டியது. வயலுக்கு வருவது பெரும்பாலும் தனியன். ஒன்று குளக்கட்டால் வரும், ஒன்று வேலிக்கு வெளியில் நின்று நீர் மற்றப் பக்கம் ஓடும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். வெளிச்சத்துக்குத் திரும்பிப் போகிற யானையும் உண்டு, வெளிச்சத்தைக் கண்டு கோபப்படுகிற யானையும் உண்டு. ஆறு யானை வேண்டாம், மூன்று போதும். மூன்றுக்கும் மூன்று புத்தி கொடும்.

வெடியையும் நீர் அள்ளிக் கொடுத்திருக்கிறீர், எறிய எறியத் தீராது. வயற்காரர் யாரிடமாவது கேளும், முதல் நாள் வெடிக்கு ஓடுகிற யானை பத்தாம் நாள் காதை ஆட்டிவிட்டு நெல்லைத் தின்னும். அதை விதியாக்கும். எறிகிற ஒவ்வொரு வெடியும் அடுத்த வெடியின் பெறுமதியைக் குறைக்கட்டும். அப்போது விளையாடுகிறவர் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு, எறிவதா பொறுப்பதா என்று இருட்டுக்குள் இருந்து யோசிப்பார். எங்கட ரோச் பல்பு மாதிரி. நான் இதுவரை காணாத ஆட்டம் அது, மாங்குளத்தில் இருக்கிற ஒருவரால்தான் செய்ய முடியும்.

சதுரப் படத்தை வைத்திருக்கலாம், வடிவாகத்தான் இருக்கிறது. 'உயிர் போனால் விளம்பரம் பார்' என்று வைத்திருப்பதைத் தயவுசெய்து எடும். அந்தக் காலத்துப் பெட்டிகள் சில நிமிடத்தில் ஆளைக் கொன்றது அடுத்த காசு விழத்தான். அவர்களிடம் இருந்து நீர் பழக வேண்டியது அது இல்லை.

அடுத்த வடிவத்தை எழுத முதல் காவல் கொட்டிலில் ஒரு இரவு இருந்து பாரும். தனியப் போகவேண்டாம், ஐயாவையும் கூட்டிக்கொண்டு போம்.

அன்புடன்,
சந்தியில் ரேடியோ திருத்துகிற அண்ணை