வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறதா? பாகம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை



நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடன் பிரிவுக்கு வரும் மனுக்களில் வாகன ரிப்பேருக்காக வருபவையும் உண்டு. கால் டாக்ஸி ஓட்டும் சகோதரர், பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிச் செல்பவர், சந்தைக்குத் துணி மூட்டை கொண்டுபோகும் குடும்பம் என்று, வண்டி நின்றால் வருமானமும் நின்றுவிடும் நிலையில் இருப்பவர்கள் இவர்கள். மனுவோடு இணைத்திருக்கும் பில்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் புது பிளக், அடுத்து ஒரு காயில், அடுத்து இன்ஜெக்டர் சர்வீஸ், அதற்கும் அடுத்து ஏதோ ஒரு சென்சார். இவ்வளவும் மாற்றிய பிறகு "மிஸ்ஸிங் இன்னும் போகவில்லை, கடன் வேண்டும்" என்று மனு வருகிறது. மெக்கானிக் ஏமாற்றினார் என்று நாம் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. பல இடங்களில் அவரும் ஊகித்துத்தான் மாற்றுகிறார். அந்த ஊகத்துக்கான செலவு நம் வீட்டுப் பணம் என்பதால், வண்டி வைத்திருப்பவருக்கும் இதில் ஓரளவு அறிவு வேண்டும்.

மிஸ்ஸிங் என்றால் ஏதாவது ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய எரிபொருள் எரியாமல் போவது. நம் பகுதியில் அதிகம் ஓடும் ஒரு லிட்டர் வேகன் ஆர், ஆல்டோ கே10 போன்றவற்றில் மூன்று சிலிண்டர்கள். வண்டி நின்றபடி சுமார் 800 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். ஒன்று வேலை செய்யாவிட்டால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஸ்டியரிங்கும் சீட்டும் ஆடும். நான்கு சிலிண்டர் வண்டியில் இதே குறை சற்று மென்மையாகத் தெரியும். அதனால் சிலர் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டிவிடுகிறார்கள்.

இழுவை இல்லை என்பதெல்லாம் மிஸ்ஸிங் அல்ல. ஆட்டமில்லாமல், சத்தம் சீராக இருந்து, பிக்கப் மட்டும் குறைந்தால் அது வேறு வகை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். சைலன்சர் குழாயில் உள்ள கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றுக்குப் பிளக் மாற்றி எந்தப் பயனும் இல்லை.

விளக்கு சிமிட்டினால்

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டுச் சிமிட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் காட்டலாம். சிமிட்டினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே தேன்கூடு போல் இருக்கும் பீங்கான் பகுதி அந்தச் சூட்டில் உருகும். ஒரு காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தையும் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். எனவே ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, ஏசியை அணைத்து, பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். காய்ந்த புல், சருகின் மேல் நிறுத்தாதீர்கள். அடியில் குழாய் கடும் சூட்டில் இருக்கும்.

வண்டியில் நோயாளி இருந்தால் என்ன செய்வது? நமது ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பிகளும் வீட்டுக் காரில் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களும் இதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் போய்ச் சேருங்கள். கன்வெர்ட்டர் போனால் போகட்டும். தூரம் அதிகம் என்றால் நடுவழியில் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. உடனே 108க்குச் சொல்லி வழியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது வருகிறது என்பதே முதல் தடயம்

வொர்க்ஷாப்புக்குப் போகும் முன் இரண்டு மூன்று நாள் கவனித்து ஒரு தாளில் எழுதுங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஆடி, சூடானதும் சரியாகிறதா? இன்ஜெக்டர் ஒழுகலாம், வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் கசியலாம். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்தால் கடைசியில் சொன்னதன் மேல் சந்தேகம் வலுக்கிறது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால் பிளக், காயில், பெட்ரோல் அழுத்தம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நின்றிருக்கும்போது ஆடி, ஓடும்போது சரியாக இருந்தால் எங்கோ ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்துகொண்டிருக்கலாம். மழையிலும் வாட்டர் சர்வீஸுக்குப் பிறகும் மட்டும் வந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது. பெட்ரோல் போட்ட அன்றே தொடங்கினால் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கேஸில் ஓடும்போது மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலுக்கு மாற்றினால் இல்லை என்றால் கேஸ் கிட் பக்கம் போங்கள். பிளக்கையும் பாருங்கள், ஏனெனில் கேஸைப் பற்றவைக்க வலுவான பொறி வேண்டும். பெட்ரோலில் தாக்குப்பிடிக்கும் தேய்ந்த பிளக் கேஸில் காட்டிக்கொடுத்துவிடும்.

பானட்டைத் திறந்ததும் வயர்களை ஒரு முறை பாருங்கள். உம்ராவுக்கோ ஊருக்கோ போய் ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் எலி கடித்த வயர் கிடைப்பது மிகச் சாதாரணம். நூறு ரூபாய் வேலைக்கு இன்ஜெக்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கோட் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகினால் கோட் வரும். மிஸ்ஸிங்குக்கானவை பி0300 முதல் தொடங்குகின்றன. பி0301 முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றில் இல்லாமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. அப்போது எல்லாவற்றுக்கும் பொதுவானதை, அதாவது பெட்ரோல் அழுத்தத்தையும் காற்றுக் கசிவையும் பார்க்க வேண்டும்; ஒரு காயிலை மாற்றிப் பயனில்லை. கூடவே பி0171 இருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று இன்ஜினே சொல்லிவிட்டது.

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பி0302 வந்ததும் "இரண்டாவது காயில் போச்சு" என்று கடைக்கு ஆள் அனுப்புகிறார்கள். அந்தக் கோட் காயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. காயில், பிளக், இன்ஜெக்டர், வயர், வால்வு என எதுவும் காரணமாக இருக்கலாம்.

பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில், இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு, இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள்; மூன்றாவதை இரண்டாவதில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு, எந்த நிலையில் மிஸ்ஸிங் வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் குறை காயிலோடு நகர்ந்திருக்கிறது. தயக்கமின்றி காயில் வாங்கலாம். பி0302 ஆகவே நின்றால் காயிலில் குறையில்லை. அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்ற வேண்டும், பிறகு இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றி வண்டி சரியாகிவிட்டால் எது குறை என்பது தெரியாமலே போகும், நல்ல பாகம் ஒன்றும் குப்பைக்குப் போகும்.

இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் வயரையோ கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பல ஆயிரம் வோல்ட் பாயும் இடம் அது. ஓடும் இன்ஜினில் சோதிக்க வேண்டுமானால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றமில்லை என்றால் வேலை செய்யாத சிலிண்டர் அதுதான்.

கழற்றிய பிளக்கை மெக்கானிக் எறிவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக, காய்ந்து இருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் அது எரியவே இல்லை. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறியிருக்கிறது. ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் மகிழ வேண்டாம், அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது. பிளக் உட்காரும் குழியில் ஆயில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். டேப்பெட் கவர் கேஸ்கெட் கசிந்தால் அந்த ஆயில் காயிலின் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கேஸ்கெட்டை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே குறை திரும்பி வரும். "போலி காயில் விற்றுவிட்டார்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் சில இந்த வகை. போலி பாகங்களும் சந்தையில் இருப்பது உண்மை. பிளக், காயிலை பில் தரும் கடையில் வாங்குங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் மிச்சம். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 10, 15 சதவீதத்துக்கு மேல் போனால் கவலைக்குரியது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பல வருடம் கேஸில் ஓடிய வேன்களில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து, டேப்பெட் இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போவதுண்டு. ஆரம்பத்திலேயே கண்டால் டேப்பெட் செட்டிங்கோடு முடியும். விட்டால் ஹெட் இறக்க வேண்டிவரும்.

ஆகவே ரிப்பேர் கடனுக்கு மனு கொடுப்பவர்கள் பில்லோடு மூன்று விவரங்களை எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்: ஸ்கேனரில் வந்த கோட், இடம் மாற்றிப் பார்த்ததில் குறை நகர்ந்ததா இல்லையா, பெரிய வேலை என்றால் எல்லாச் சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவு. மனுவைத் தள்ளுவதற்காக இதைக் கேட்கவில்லை. ஜமாஅத்தார் நம்பித் தந்த பணம் சரியான பாகத்துக்குப் போக வேண்டும். வாங்கியவரும் ஒரே குறைக்கு இரண்டு முறை கடனாளி ஆகக் கூடாது.

செலவைப் பார்த்து மலைத்து வண்டியை விற்றுவிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் பல வண்டிகளில் கோட் அழிந்து விளக்கு அணைந்துவிடும். அந்த நேரத்தில் ஆள் வரவழைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பொருளின் குறையை மறைத்து விற்றால் வாங்கியவர் திருப்பித் தரும் உரிமை பெறுகிறார் என்பது கியாருல் ஐப் என்ற பெயரில் ஃபிக்ஹ் நூல்களில் உள்ள சட்டம். கோடும் கம்ப்ரஷன் அளவும் எழுதிய தாளையே வாங்குபவர் கையில் கொடுத்து, அதற்கேற்ற விலையைப் பேசுங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்கேனரில் கோட் இல்லாவிட்டாலும், இன்ஜின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் அண்மையில் யாரோ கோடை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். இன்னும் சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.