அமோர்கோஸ் தீவுக்குச் சிக்கனமாகப் போய்வர: முழுமையான வழிகாட்டி

கிரீஸ் என்றாலே சாந்தோரினியின் நீலக் கூரைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ஏஜியன் கடலில், அதே சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அமோர்கோஸ். வெள்ளை வீடுகளும் செங்குத்துப் பாறைகளும் இங்கும் உண்டு. விமான நிலையம் மட்டும் கிடையாது. கூட்டம் குறைவாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம். அறை வாடகையைவிடக் கப்பல் அட்டவணைதான் இங்கே உங்கள் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும்.

1. மாதத்தை முடிவுசெய்யுங்கள்

ஆகஸ்டில் போகவே வேண்டாம். ஆகஸ்ட் 15 மாதா திருநாள். அதையொட்டி ஏதென்ஸ்காரர்கள் மொத்தமாகத் தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். வாடகை உச்சத்தில் நிற்கும். போதாக்குறைக்கு, ஜூலையிலும் ஆகஸ்டிலும் ‘மெல்டெமி’ என்ற வடகாற்று விடாமல் அடிக்கும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுப்பகுதி. கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் குளிக்க இதமாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். மலை நடைக்காகவே போகிறவர்களுக்கு மே மாதம் நல்லது, ஆனால் தண்ணீர் சில்லென்றிருக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும்.

2. விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. கூடவே குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்குமிட முன்பதிவைக் காட்டவேண்டியிருப்பதால், ரத்துசெய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் போடுங்கள். பிரான்சிலோ ஜெர்மனியிலோ வதிவிட அனுமதியோடு வாழும் தமிழர்களுக்கு இந்தச் செலவு இல்லை.

3. கப்பல்

ஏதென்ஸ் விமான நிலைய வாசலிலேயே எக்ஸ்96 பேருந்து நிற்கும். இரவு பகலாக ஓடும் இது 5.50 யூரோவுக்கு உங்களைப் பிரேயஸ் துறைமுகத்தில் இறக்கிவிடும். மெட்ரோவும் நேராகத் துறைமுகத்துக்குப் போகிறது, ஆனால் கட்டணம் 9 யூரோ. டாக்சி தேவையே இல்லை.

பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதிவேகப் படகு சீக்கிரம் சேர்க்கும். டிக்கெட் விலை பெரிய கப்பலைவிட மிக அதிகம், கடல் கொந்தளித்தால் வயிற்றையும் பதம்பார்க்கும். பெரிய கப்பலின் மலிவான ‘டெக்’ டிக்கெட்டே போதும். வழியில் தீவுகள் ஒவ்வொன்றாக வந்து போவதை மேல்தளத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் விடுமுறைதானே?

இன்னொரு வழி, நக்சோஸ் தீவில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து ‘எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ்’ என்ற சிறு கப்பலைப் பிடிப்பது. இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனீசியா என்று குட்டித் தீவுகளைத் தொட்டுக்கொண்டு அமோர்கோஸ் சேரும். காற்றடித்தால் நன்றாக ஆடும்.

டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரைக் கட்டாயம் பாருங்கள். அமோர்கோஸுக்கு இரண்டு துறைமுகங்கள்: நடுவில் கட்டப்போலா, வடக்கே எகியாலி. இடையில் ஒரு மலைச்சாலை. நள்ளிரவில் தவறான துறையில் இறங்கினால், மிச்சம் பிடித்த காசெல்லாம் டாக்சிக்குப் போய்விடும்.

4. அறை

ஓட்டலை விட்டுவிட்டு, குடும்பங்கள் நடத்தும் வாடகை அறைகளைத் தேடுங்கள். சின்ன அடுப்பும் குளிர்பெட்டியும் உள்ளதாகக் கேளுங்கள். காலை உணவுச் செலவு பாதியாகும். அரசு வரியிலும் வித்தியாசம் உண்டு: கோடைப் பருவத்தில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஓர் இரவுக்கு அறைக்கு 15 யூரோ, சாதாரண வாடகை அறையில் 2 யூரோ. கடற்கரைதான் முக்கியமென்றால் எகியாலி, பேருந்து வசதி வேண்டுமென்றால் கட்டப்போலா. குன்றின்மேல் இருக்கும் தலைநகர் ஹோரா அழகு, ஆனால் கடலுக்கு ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறவேண்டும்.

5. சாப்பாடு

சைவர்கள் கவலைப்படவேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் விலக்கு என்பதால், காய்கறிச் சமையல் அங்கே நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ‘நிஸ்திசிமா’ இருக்கிறதா என்று கேட்டால் அந்த விரதச் சாப்பாட்டைக் காட்டுவார்கள். தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ், அரிசி திணித்த தக்காளி, எண்ணெயில் வதங்கிய பச்சை பீன்ஸ் எல்லாம் கிடைக்கும். ‘ஃபாவா’ நம் பருப்பு மசியலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மேலே ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் எலுமிச்சையும். அசைவம் என்றால் ‘பட்டட்டாட்டோ’ என்ற ஆட்டிறைச்சி உருளைக்கிழங்குக் குழம்பு இந்தத் தீவின் பெருமை.

மீன் மட்டும் உஷார். மெனுவில் விலை கிலோவுக்குப் போட்டிருக்கும். எடைபோட்டு, தொகையைக் கேட்டபிறகு தலையாட்டுங்கள்.

6. காசு கேட்காத பகல்கள்

ஹோசோவியோடிசா மடாலயத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்த வெள்ளைச் சுவர். பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ் 1088-இல் ஆதரவளித்து எழுப்பிய மடம். படியேறி வந்தவர்களுக்கு இனிப்பும் ஒரு மிடறு மதுவும் தந்து உபசரிப்பது அங்கே வழக்கம். மதியம் கதவை அடைத்துவிடுவார்கள், காலையிலேயே போங்கள். ஆண்களுக்கு முழுக்கால்சட்டை, பெண்களுக்கு நீளப் பாவாடை கட்டாயம். புடவைக்குத் தடையில்லை, படிகள்தான் யோசிக்கவைக்கும்.

கீழே ஆயியா அன்னா கடற்கரை. லூக் பெசோனின் ‘தி பிக் ப்ளூ’ (1988) படத்தின் காட்சிகள் இத்தீவில் எடுக்கப்பட்டவை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே அதிகம் தென்படுவதற்கு அந்தப் படமும் காரணம்.

ஹோராவிலிருந்து மடாலயம் வழியாக எகியாலி வரை பழைய கழுதைப்பாதை ஒன்று மலைமுகட்டில் போகிறது. நாலைந்து மணி நேர நடை, வழியில் நிழலும் கடையும் இல்லை. தண்ணீர் நிறைய எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பி, பேருந்தில் திரும்பலாம். சீசன் முடிந்தால் பேருந்துகள் குறையும், நேரத்தை முந்தைய நாளே பார்த்துவையுங்கள்.

7. திரும்பும் நாள்

விமானம் கிளம்பும் அன்றே தீவிலிருந்து வரத் திட்டமிடாதீர்கள். காற்று வலுத்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். ஒரு நாள் முன்பே ஏதென்ஸ் வந்து, அந்த ஓர் இரவு அறைச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.