தோற்ற பிறகும் திறக்கும் கதவு: மல்யுத்தத்தில் 'ரெப்பசாஜ்' என்றால் என்ன?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 66 கிலோ ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம். இந்தியாவின் சுஷில் குமார் தன் முதல் மோதலிலேயே உக்ரைனின் ஆந்திரி ஸ்டாட்னிக்கிடம் தோற்றுப் போறார். அதே நாள் மாலை அவர் கழுத்தில் வெண்கலப் பதக்கம். எப்படி?

"யாராவது விலகியிருப்பாங்க", "ஏதோ அப்பீல் பண்ணியிருப்பாங்க" என்று நினைச்சீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மல்யுத்தத்தில் இந்தியா வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்களில் மூன்று, தோற்ற பிறகு ரெப்பசாஜ் வழியே வந்தவை. அதுக்குப் பின்னாடி இருக்கிற விதி புரிஞ்சா, அடுத்த ஒலிம்பிக்கை நீங்க பார்க்கிற விதமே மாறிடும்.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அடையாறு தாண்டி ஈசிஆர் பிடிச்சு வார இறுதியில் போறோமே மாமல்லபுரம், அந்தப் பேரே ஒரு மல்யுத்தப் பட்டம்தான். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்று பேர். பெரிய மல்லன் என்று அர்த்தம். அதுக்கும் முன்னாடி, புறநானூற்றில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கார். காலை எங்கே வைத்தான், எதிராளியை எப்படி மடக்கினான் என்பது வரைக்கும் அதில் இருக்கு. இன்றைய மொழியில் சொன்னா, அது ஒரு மேட்ச் கமெண்ட்ரி.

ஆனா ஒலிம்பிக் மல்யுத்தப் பதக்கப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பேர் ஒன்றுகூட இல்லை. 1952 ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்று, சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கிய கே.டி. ஜாதவ், மகாராஷ்டிரத்தின் கோலேஷ்வர் கிராமத்துக்காரர். அவருக்குப் பிறகு வந்தவங்க எல்லாருமே ஹரியானா, டெல்லி பக்கம்.

ஜாதவ் கதையில் ஒரு விஷயம் கவனிங்க. அவரும் தோற்றவர்தான், அதுவும் இரண்டு முறை: தங்கம் வென்ற ஜப்பானின் இஷியிடமும், வெள்ளி வென்ற சோவியத் வீரர் மமத்பெயோவிடமும். அந்தக் காலத்து முறையில் ஒரு தோல்வியோடு வெளியே அனுப்ப மாட்டாங்க. எதிர்மறைப் புள்ளிகள் சேர்ந்து அளவைத் தாண்டினால்தான் வெளியேற்றம். ஆக, தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு தருவது மல்யுத்தத்தில் ரொம்பப் பழைய பழக்கம்.

விளையாட்டின் அடிப்படை, இரண்டு நிமிஷத்தில்

ஒலிம்பிக்கில் இரண்டு வகை. கிரேக்க-ரோமன் வகையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலையும் ஆயுதமாக்கக் கூடாது. ஃப்ரீஸ்டைலில் உடம்பு முழுக்கப் பிடிக்கலாம். பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் மட்டும். அது ஒலிம்பிக்குக்கு வந்ததே 2004இல்தான்.

இப்போதைய விதிப்படி மூன்று மூன்று நிமிஷமாக இரண்டு பகுதி. எதிராளியைக் கீழே தள்ளிப் பின்னால் போய்க் கட்டுப்படுத்தினால் 2 புள்ளி. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. நின்ற நிலையிலிருந்து தூக்கி நேராக முதுகு காட்ட வீழ்த்தினால் 4, பெரிய வீச்சாக இருந்தால் 5. ஃப்ரீஸ்டைலில் 10 புள்ளி வித்தியாசம் வந்தாலே ஆட்டம் முடிஞ்சது. இதுக்கெல்லாம் மேல ஒன்று இருக்கு: எதிராளியின் இரண்டு தோளையும் பாயில் அழுத்திட்டா, ஸ்கோர் என்னவாக இருந்தாலும் வெற்றி. 2021 டோக்கியோ அரையிறுதியில் ரவி தஹியா 2-9 என்று பின்தங்கியிருந்து, கஜகஸ்தானின் சனாயேவை அப்படி அழுத்தித்தான் இறுதிக்குப் போய், வெள்ளி வாங்கினார்.

இப்போ ரெப்பசாஜ்

இது பிரெஞ்சு வார்த்தை. நழுவி விழுந்ததைத் தண்ணியிலிருந்து மறுபடி மேலே எடுப்பது என்கிற அர்த்தத்திலிருந்து வந்தது. விதி ஒரே வரிதான்: இறுதிப் போட்டிக்குப் போகும் இரண்டு பேரிடம் யார் யார் தோற்றார்களோ, அவர்களுக்கு மட்டும் வெண்கலத்துக்கு மறு வாய்ப்பு.

நோட்டுப் புத்தகத்தில் 16 பேர் கொண்ட ஒரு நாக்அவுட் மரம் வரைஞ்சுக்கோங்க.

முதல் சுற்றில் 8 பேர் தோற்பாங்க. காலிறுதியில் 4. அரையிறுதியில் 2. இறுதிக்கு வந்த இருவரும் வழியில் தலா மூன்று பேரை வீழ்த்தியிருப்பாங்க. அப்போ மறு வாய்ப்பு மொத்தம் 6 பேருக்கு. மற்ற 8 பேர் வீட்டுக்கு.

இந்த 6 பேரில், ஒரே இறுதியாளரிடம் முதல் சுற்றில் தோற்றவரும் காலிறுதியில் தோற்றவரும் முதலில் மோதணும். அதில் ஜெயிச்சவர், அரையிறுதியில் தோற்ற ஒருவரோடு வெண்கலத்துக்கு மோதுவார். இரண்டு பக்கமும் இப்படியே நடப்பதால் இரண்டு வெண்கலம். மரத்தில் 15 மோதல், ரெப்பசாஜில் 2, வெண்கலத்துக்கு 2, ஆக 19.

இப்போ சதவீதம் பாருங்க. முதல் சுற்றில் தோற்ற 8 பேரில் 2 பேருக்குத்தான் கதவு திறக்கும்: 25%. காலிறுதியில் தோற்ற 4 பேரில் 2 பேருக்கு: 50%. அரையிறுதியில் தோற்றவருக்கு 100%. அதாவது, எவ்வளவு தூரம் ஜெயிச்சுட்டுத் தோற்கறீங்களோ, அவ்வளவுக்கு மறு வாய்ப்பு கூடும்.

இதை நம்ம அரியர் எக்ஸாமோட ஒப்பிடத் தோணும். ஆனா ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அரியர் எழுதுறது நம்ம கையில் இருக்கு. ரெப்பசாஜ் கிடைக்கிறது, நம்மைத் தோற்கடிச்சவர் கையில் இருக்கு. அவர் ஜெயிக்கணும்னு நாம வேண்டிக்கிட்டு, உடம்பு ஆறிப் போகாம, மனசு விட்டுப் போகாம உட்கார்ந்திருக்கணும்.

அந்தக் கதவு வழியே வந்தவங்க

சுஷில் குமார், 2008. ஸ்டாட்னிக் இறுதிக்குப் போனார், கதவு திறந்தது. சுஷில் முதலில் அமெரிக்காவின் டக் ஷ்வாபை வென்றார். அடுத்து பெலாரஸின் ஆல்பர்ட் பாத்திரோவ். கடைசியில் கஜகஸ்தானின் ஸ்பிரிடோனோவ். 1952க்குப் பிறகு, 56 வருஷம் கழித்து இந்தியாவுக்கு மல்யுத்தப் பதக்கம். 2012 லண்டனில் அதே சுஷில் வெள்ளி வென்றார்.

யோகேஷ்வர் தத், 2012 லண்டன், 60 கிலோ. ரஷ்யாவின் குதுகோவிடம் தோற்றார். குதுகோவ் இறுதிக்குப் போனார். பிறகு பியூர்டோ ரிக்கோ, ஈரான், வடகொரியா என்று வரிசையாக மூன்று வெற்றி. வீங்கி மூடிய கண்ணோடு கடைசி மோதல். எதிராளியின் இரண்டு கணுக்காலையும் பின்னிப் பிடிச்சு அவரைத் திரும்பத் திரும்ப உருட்டும் 'ஃபித்லே' பிடியில் ஆட்டத்தை முடித்தார்.

சாக்ஷி மாலிக், 2016 ரியோ, 58 கிலோ. காலிறுதியில் ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் தோல்வி. கோப்லோவா இறுதிக்குப் போக, சாக்ஷி மங்கோலிய வீராங்கனையை வென்று வெண்கல மோதலுக்கு வந்தார். அங்கே கிர்கிஸ்தானின் தினிபெகோவாவிடம் 0-5 என்று பின்தங்கி, 5-5 என்று சமன் செய்து, கடைசி வினாடிகளில் வீழ்த்தி, 8-5. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர்தான்.

கதவு திறக்காத கதை

இப்போ உண்மையான பாடம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். இரண்டு இந்தியப் பெண்கள், இரண்டு பேரும் பெலாரஸ் வீராங்கனைகளிடம் தோற்றாங்க.

20 வயதுகூட நிறையாத அன்ஷு மாலிக், 57 கிலோவில் முதல் மோதலில் இரினா குராச்கினாவிடம் தோற்றார். குராச்கினா இறுதிக்குப் போனார் (வெள்ளி வாங்கினார்). அன்ஷுவுக்குக் கதவு திறந்தது. உள்ளே நின்றவர், சாக்ஷியை ரியோவில் தோற்கடித்த அதே கோப்லோவா. அன்ஷு தோற்றார்.

53 கிலோவில் பதக்கம் நிச்சயம் என்று எல்லாரும் நினைத்த வினேஷ் போகட், காலிறுதியில் வனேசா கலாஜின்ஸ்காயாவிடம் தோற்றார். 50% வாய்ப்பு. கலாஜின்ஸ்காயா அரையிறுதியில் சீனாவின் பாங் சியான்யூவிடம் தோற்று, வெண்கலத்தோடு நின்றார். வினேஷுக்குக் கதவு திறக்கவே இல்லை.

ஒருத்தருக்குக் கதவு திறந்தும் பதக்கம் வரலை. இன்னொருத்தருக்குக் கதவே திறக்கலை. விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அன்ஷு அதே வருஷம் அக்டோபரில் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். அந்த இடத்தைத் தொட்ட முதல் இந்தியப் பெண்.

யார் இந்த பெலாரஸ்காரங்க?

தேடினா எங்கேயும் பெலாரஸ் குறுக்கே வருதேன்னு தோணுதா? மக்கள் தொகை ஒரு கோடிக்கும் குறைவு. நம்ம தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேல. ஆனா மின்ஸ்க் நகரில் வாழ்ந்த அலெக்சாந்தர் மெத்வெத் என்கிற மனிதர் சோவியத் அணிக்காக 1964, 1968, 1972 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். ஏழு முறை உலகச் சாம்பியன். 1972இல் 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள அமெரிக்கர் கிறிஸ் டெய்லரையும் சமாளித்து ஜெயித்தார். அந்த ஏழில் ஒரு பட்டம் நம்ம நாட்டிலேயே வந்தது: 1967 உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது டெல்லியில். அதே போட்டியில் இந்தியாவின் பிஷம்பர் சிங் 57 கிலோவில் வெள்ளி வென்றார். பயிற்சிக்கூடம், பயிற்சியாளர், தலைமுறை தலைமுறையாக ஆட்கள் என்று ஒரு தொடர் இருந்தா சின்ன நாடும் நிற்கும். இந்தியாவில் அப்படி ஒரு தொடரை உருவாக்கியது டெல்லியின் சத்ரசால் ஸ்டேடியம்.

100 கிராம்

கடைசியா ஒரு எடைக் கணக்கு. 2018லிருந்து ஒரு எடைப்பிரிவுக்கு இரண்டு நாள் போட்டி. இரண்டு நாளும் காலையில் எடை பார்ப்பாங்க. 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ். வினேஷ் 50 கிலோவில் இறங்கி, சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோற்றே இராத ஜப்பானின் யூய் சுசாகியை 3-2 என்று வென்றார். அன்றே இறுதிக்கும் போனார். மறுநாள் காலை எடை: 50 கிலோ 100 கிராம். தகுதி நீக்கம். பட்டியலில் கடைசி இடம்.

100 கிராம் என்பது 50 கிலோவில் 0.2%. நம்ம லேபில் இந்தப் பிழை வந்தா "ரீடிங் சூப்பர்" என்று கையெழுத்துப் போடுவாங்க. மல்யுத்தத்தில் மேல்பக்கம் டாலரன்ஸ் பூஜ்யம். தோற்ற சுசாகி இரண்டாவது வாய்ப்பில் வெண்கலம் வாங்கிட்டுப் போனார். ஜெயிச்ச வினேஷ் வெறுங்கையோடு திரும்பினார். இரண்டு நாள் கழித்து, 21 வயது அமன் செஹ்ராவத் அரையிறுதியில் தோற்ற இரவு முழுக்கத் தூங்காமல் சுமார் நாலரைக் கிலோ குறைச்சு, எடை சரியாக நின்று, வெண்கலம் வென்றார்.

இந்தப் பெண்கள் சந்தித்தது பாயின் மேல இருக்கிற எதிராளியை மட்டும் இல்லை. 2023இல் மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லி, சாக்ஷி, வினேஷ், பஜ்ரங் புனியா ஆகியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்தாங்க. அந்த டிசம்பரில் சாக்ஷி தன் ஷூவைக் கழற்றி மேஜை மேல வைத்துவிட்டு விளையாட்டிலிருந்தே விலகினார். அதுக்கு எந்த ரெப்பசாஜும் இல்லை.

அடுத்த தடவை ஒலிம்பிக் நடக்கும்போது, ஹாஸ்டல் டிவியில் நம்ம ஆள் தோற்றதும் சேனலை மாத்திடாதீங்க. ஜெயிச்சவர் எந்தச் சுற்றில் இருக்கார்னு பாருங்க, மரத்தை வரையுங்க. தோற்றவர் எங்கேயோ ஒரு அறையில் உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு, தன்னை வீழ்த்தியவர் ஜெயிக்கணும்னு காத்துக்கொண்டு இருப்பார்.