மேசைக் கணினியோ, மடிக்கணினியோ?

தொழிலிடம் வேறு, இல்லம் வேறு என்றிருந்த நிலை 2020 ஆம் ஆண்டில் மாறியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பெற, கற்பித்தலும் அலுவலகப் பணியும் கணினி வழியே வீட்டினுள் புகுந்தன. நோய் தணிந்த பின்னும் புகுந்த பணி முற்றாக வெளியேறவில்லை. ஆதலின், எக்கணினியை வாங்குவது என்பது விலை பற்றிய வினா மட்டுமன்று. இல்வாழ்வு பற்றிய வினாவுமாகும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அம்முறையையே ஈண்டு நாமும் கைக்கொள்வோம்.

முதலாவது வலி. ஒரே விலைக்கு மேசைக் கணினியே பெரும்பாலும் மிக்க ஆற்றல் தரும். பழுதுற்ற உறுப்பைத் தனியே மாற்றுதலும் எளிது. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் இணைந்திருத்தலின், நெடும்பொழுது குனிந்திருப்போர்க்குக் கழுத்துநோவு உண்டாகும். ஆயினும் அதற்கு மின்கலம் உண்டு. 2022 மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது அதன் அருமையை யாவரும் உணர்ந்தோம். மேசைக் கணினி வாங்குவோர் யூ.பி.எஸ். கருவிக்கும் பொருள் ஒதுக்குதல் வேண்டும்.

இரண்டாவது காலம். பணிநேரம் கழிந்தபின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமையைப் பிரான்சு நாட்டுச் சட்டம் 2017 இலிருந்து ஏற்றுள்ளது. அவுஸ்திரேலியா 2024 இல் அத்தகைய உரிமையை வழங்கியது. அத்தகைய சட்டம் இல்லாதவிடத்து, வரம்பினை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும். மாலையில் இன்ன நேரத்துடன் பணி முடிந்தது என வீட்டார் அறியச் சொல்லி, அதன்படி ஒழுகுதல் நன்று.

மூன்றாவது இடம்; இதுவே தலையாயது. மேசைக் கணினி வைத்த இடத்தினின்றும் அசையாது; நாம் எழுந்து அகன்றால் பணியும் அங்கேயே நின்றுவிடும். மடிக்கணினியோ உணவு மேசைக்கும் படுக்கைக்கும் நம்மைத் தொடர்ந்து வரும். தந்தை அருகிருந்தும் அவர் முகம் தன்பால் திரும்பாமையைக் காணும் பிள்ளைக்கு, அவர் தொலைவில் இருப்பவரே ஆவர்.

எனவே, வீட்டில் ஒரு மூலையை ஒதுக்க வல்லார் மேசைக் கணினியை வாங்குக. அலுவலகத்துக்கும் இல்லத்துக்கும் இடையே கொண்டு செல்வோர், விடுதி மாணாக்கர், ஓரறையில் வாழ்வோர் ஆகியோர்க்கு மடிக்கணினியே ஏற்றது. அவர்கள் அதனை ஒரு மேசையில் மட்டும் வைத்துப் பயன்படுத்துக. தொழிலுக்கும் வீட்டுக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு அமைத்துக்கொள்க. பணி முடிந்ததும் பையினுள் வைத்து மூடுக. கருவி எதுவாயினும், அதை நிறுத்தும் கை நம்முடையதே.