குளியலறைக்கு நல்ல வெளிச்சம்: ஒன்பது குறிப்புகள்

பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் பழைய வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நீளவாக்கில் இருக்கும். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. அதனால் பின்கட்டில் இருக்கும் குளியலறையில் பட்டப்பகலிலும் பல்பு போட வேண்டியிருக்கும். ஈரத்தரையில் கால் வழுக்குவதும், தண்ணீருக்குப் பக்கத்தில் மின்சாரம் ஓடுவதும் அங்கேதான். கூடத்து விளக்கைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

1. பல்பு வாங்கும் முன் கூரையைப் பாருங்கள். ஓட்டு வீடானால் ஓரிரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதிக்கலாம். தளம் போட்ட வீடானால், திறந்த வெளியைப் பார்த்த சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே வென்டிலேட்டர் வைத்து மங்கல் கண்ணாடி போடலாம். மறைவும் கெடாது, ஈரமும் சீக்கிரம் காயும். சுவருக்கு வெளிர் நிற டைல்ஸ் பதித்தால் இருக்கிற வெளிச்சம் இன்னும் பரவும்.

2. வாட் கணக்கை விட்டு லூமென் கணக்கைப் பாருங்கள். வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரம். லூமென் என்பது அது தரும் வெளிச்சம். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஏறக்குறைய 800 லூமெனை இன்று 8 அல்லது 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். ஐந்தடிக்கு ஏழடி குளியலறைக்கு அது போதும்.

3. அட்டைப்பெட்டியில் கெல்வின் எண் இருக்கும். 3000 என்றால் மஞ்சள் ஒளி, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நடுவில் உள்ள 4000 குளியலறைக்குப் பொருந்தும். அழுக்கும் தெரியும், கண்ணும் கூசாது.

4. பட்டுப்புடவையைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து வாங்குகிற ஊர் இது. அரக்கும் மயில்கழுத்தும் மட்டமான விளக்கொளியில் வேறு நிறமாகத் தெரியும். முகமும் அப்படித்தான். தோலில் தடிப்பு, கண்ணில் மஞ்சள், குழந்தையின் உடம்பில் சிவப்பு இவற்றைக் கவனிக்க நிறம் மாறாத ஒளி வேண்டும். அதைச் சொல்லும் அளவு சி.ஆர்.ஐ.; உச்ச அளவு 100. கண்ணாடி பக்கத்து விளக்குக்கு 90க்கு மேல் கேட்டு வாங்குங்கள்.

5. தலைக்கு நேர் மேலே மட்டும் விளக்கு இருந்தால் கண்ணுக்கடியிலும் தாடைக்கடியிலும் நிழல் விழும். கண்ணாடியின் இரு பக்கமும் முக உயரத்தில் விளக்கு வைப்பது சிறந்தது. ஒன்றுதான் முடியுமென்றால், கண்ணாடியின் அகலத்துக்கு நீள விளக்காக அதன் மேல் பொருத்துங்கள்.

6. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் திறந்த ஹோல்டர் கூடாது. விளக்கில் ஐ.பி. எண் பாருங்கள். தெறிப்புக்கு ஐ.பி. 44 தாங்கும். ஷவருக்கு அருகே ஐ.பி. 65 வாங்குங்கள். மூடிய கூட்டுக்குள் சாதாரண பல்பு போட்டால் சூடு தங்கி ஆயுள் குறையும். மூடிய கூட்டுக்கு ஏற்றதா என்று கேளுங்கள்.

7. சுவிட்சைக் கதவுக்கு வெளியே வையுங்கள். ஈரக்கை அதில் படவே கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பழைய ஒயரிங் உள்ள வீடுகளில் இது உயிர்காக்கும் செலவு.

8. பெரியவர்கள் இரவில் எழுந்து போகும் வழியில் அரை வாட் எல்.இ.டி. ஒன்று எரியட்டும். ஆள் நடமாட்டத்தில் தானே எரியும் சென்சார் விளக்கும் நல்லது. வாசற்படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறப் பட்டை ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் குளியலறை விளக்கையும் அதில் சேருங்கள்.

9. பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ள பல்பையே பில்லோடு வாங்குங்கள். கடையிலேயே எரியவிட்டு, செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த ஒளியில் துடிப்பு அதிகம். வேறு பல்பு கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்யக் கையில் பணம் இல்லையென்றால், முதலில் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும், அடுத்து இரவு விளக்கு, பிறகு கண்ணாடி ஓடு. அலங்கார விளக்கு கடைசியில் வரட்டும்.