மின்னஞ்சலில் நம் கையொப்பம்

தமிழகத்திற்கு வெளியே பயில வந்த நம்மில் பலருக்குப் பெயரே ஒரு தொல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதுவது நம் வழக்கம். இங்கோ விண்ணப்பத்தாள் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. சு. கண்ணன் 'சுப்பிரமணியன் கண்ணன்' ஆகிவிடுகிறார். பேராசிரியரும் 'அன்புள்ள சுப்பிரமணியன்' என்றே மறுமொழி விடுக்கிறார். தந்தைக்கு வந்த மடலோ என்று மைந்தர் மயங்குகிறார்!

பதிவேட்டில் ஏறிய பெயரை மாற்றுவது எளிதன்று. ஆனால், நம்மை எப்படி அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மடலின் அடியிலும் தெரிவிக்கலாமன்றோ? ஒருமுறை எழுதி வைத்தால், செயலியே அதனை ஒவ்வொரு மடலிலும் சேர்த்துவிடும். இதனையே மின்னஞ்சல் கையொப்பம் என்கிறோம்.

2004-இல் முதற்பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்ட் செயலியை எடுத்துக்கொள்வோம், விலையின்றிக் கிடைப்பது. அதில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, இடப்பக்கம் உங்கள் கணக்கின் பெயரைச் சொடுக்குங்கள். வலப்பக்கம் கையொப்பத்திற்கென ஒரு பெட்டி தோன்றும். அதில் எழுதவேண்டியது இவ்வளவே:

சு. கண்ணன்
எம்.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு
என் பெயர் கண்ணன். சுப்பிரமணியன் என் தந்தை பெயர்.

இதனை ஆங்கிலத்தில் எழுதி, பெயரை மட்டும் தமிழிலும் ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு வரிக்கு மேல் வேண்டா என்பது 1995-இல் வெளிவந்த இணைய நாகரிகக் குறிப்பிலேயே உள்ள அறிவுரை. பொன்மொழியும் பூப்படமும் சேர்ப்பார் உளர். பெயர் அவற்றுள் மறைந்துபோகும். விடுதி அறை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் விட்டுவிடுங்கள். மடல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வது. யார் கையில் போய்ச் சேரும் என்று அறியோம்.

கையொப்பத்தின் மேல் இரு சிறுகோடுகளும் ஓர் இடைவெளியும் கொண்ட தனி வரியைச் செயலி தானே இடும். அதனை அழித்துவிடாதீர்கள். கையொப்பம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதனைக் கண்டுதான் மறுமொழி எழுதும்போது செயலி பழைய கையொப்பத்தை நீக்குகிறது. இல்லையேல் பத்து மடல் சென்று வருவதற்குள் பத்துக் கையொப்பம் குவிந்து கிடக்கும்.

தமிழெழுத்தைப் பற்றி ஒரு சொல். முன்னாளில் அனுப்புவோரிடமுள்ள எழுத்துருவே பெறுவோரிடமும் இருக்கவேண்டும். இல்லையேல் வெறுங்கிறுக்கலே தெரியும். யூனிகோடு பரவியபின் அத்துன்பம் பெரும்பாலும் நீங்கியது. கையொப்பத்தைத் தனிக் கோப்பாக எழுதி இணைப்போர் மட்டும் யூ.டி.எப்-8 முறையில் சேமிக்கவேண்டும்.

சங்கச் செயலாளராக இருப்பவர் என்ன செய்வது? ஒரே கணக்கில் பல 'ஐடென்டிட்டி'களை அமைத்து, ஒவ்வொன்றிற்கும் வேறு கையொப்பம் தரலாம். மடல் எழுதுமுன் அனுப்புநர் வரியில் உரியதைத் தேர்ந்தால் போதும். கட்டணச் சலுகை கேட்டு எழுதும் மடலில் 'செயலாளர், தமிழ்ச் சங்கம்' என்றிருந்தால் அலுவலகத்தார் சங்கத்திற்கே சலுகை கேட்டதாக எண்ணுவர்!

முடிந்ததும் உங்களுக்கே ஒரு மடல் அனுப்பிப் பாருங்கள். இக்கையொப்பம் அந்தக் கணிப்பொறியில் மட்டுமே இருக்கும். கைப்பேசிச் செயலியில் தனியே அமைத்துக்கொள்ளவேண்டும்.